டீசல் காரில் கூடுதல் மைலேஜ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீசல் கார் வாங்கிய பலரும் சில மாதம் கழித்துச் சொல்வது ஒன்றுதான்: "சொன்ன மைலேஜ் வரவில்லை." பெரும்பாலும் வண்டியில் குறை இருப்பதில்லை. பெட்ரோல் காரை ஓட்டிய பழக்கத்திலேயே டீசலையும் ஓட்டுகிறோம், அல்லது மிச்சம் பிடிக்க வேண்டுமென்று இன்ஜினைத் திணற அடிக்கிறோம். இரண்டிலும் டீசல்தான் வீணாகிறது. இந்தப் பதில்கள் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி), காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் தரும் அமைப்பு), மேனுவல் கியர் உள்ள சாதாரண டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியவை. ஆட்டோமேட்டிக்குக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

பெட்ரோல் காரைவிட டீசல் கார் அதிக மைலேஜ் தருவது ஏன்?

இது புரிந்துவிட்டால் மீதிப் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்த அழுத்தத்திலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் தானாகப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு வெப்பத்திலிருந்து வேலையைக் கறந்துகொள்ளலாம். பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 9 முதல் 12 மடங்கோடு நின்றுவிடும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் காற்று போகும் வழியே பாதி மூடிக்கிடக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போல இன்ஜின் மூச்சிழுக்கவே சக்தியைச் செலவழிக்கும். டீசல் இன்ஜின் காற்றை அப்படி அடைப்பதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துவது பீய்ச்சும் டீசலின் அளவு மட்டும்தான். அதனால் லேசான ஓட்டத்திலும் வீணடிப்பு குறைவு.

மூன்றாவது, ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றலே சுமார் 36 மெகாஜூல். பெட்ரோலில் சுமார் 32. லிட்டர் கணக்கில் தெரியும் வித்தியாசத்தில் ஒரு பங்கு எரிபொருளுக்கே சேரவேண்டியது.

ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைக்கு அது பெரிய சாதனை. இன்றைய கார் டீசல் இன்ஜின்கள் தங்களுடைய மிகச் சிறந்த நிலையில் 40 சதவீதத்தைத் தொடுகின்றன. "மிகச் சிறந்த நிலையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த நிலை எது, அதில் இன்ஜினை எப்படி வைத்திருப்பது என்பதுதான் மைலேஜ் கலை.

எந்த ஆர்.பி.எம்.-இல் ஓட்ட வேண்டும்?

ஆர்.பி.எம். என்பது இன்ஜின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு. பெரும்பாலான கார் டீசல்களுக்கு 1500 முதல் 2200 வரை. டர்போ நன்றாகக் காற்றைத் தள்ளுவதும், முழு இழுவை கிடைப்பதும் இந்த இடைவெளியில்தான். உங்கள் காரின் கையேட்டில் அதிகபட்ச டார்க் (சுழற்றும் விசை, அதாவது இழுவை) எந்த ஆர்.பி.எம்.-இல் என்று போட்டிருக்கும். 1750 என்றோ 2000 என்றோ இருக்கலாம். அதுதான் உங்கள் வண்டிக்கு மையப் புள்ளி. சமதளத்தில் 2000-ஐ ஒட்டி அடுத்த கியருக்குப் போங்கள். மாற்றிய பிறகு ஆர்.பி.எம். முள் 1400, 1500-இல் வந்து நின்றால் சரியாக மாற்றியிருக்கிறீர்கள்.

பெட்ரோல் காரிலிருந்து வந்தவர்களுக்கு இது சீக்கிரம் மாற்றுவதாகத் தோன்றும். 3000, 3500 வரை இழுத்தால்தான் பிக்கப் என்ற பழக்கம். டீசலில் அங்கே சத்தம்தான் கூடும்.

ஆக்சிலரேட்டரைப் பூப்போல மிதித்தால் மிச்சமாகும் என்கிறார்களே?

பாதிதான் சரி. ஒரே வேகத்தில் போகும்போது பாதம் லேசாக இருக்கவேண்டும். ஆனால் நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போது தயங்கித் தயங்கி மிதிப்பது டீசலுக்கு ஒத்துவராது.

இன்ஜின் சுற்றுவதற்கே ஒரு நிலையான செலவு உண்டு: பிஸ்டன் உராய்வு, ஆயில் பம்ப், டீசல் பம்ப், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். கொஞ்சமாக வேலை வாங்கினால் எரியும் டீசலில் பெரிய பங்கு இந்தச் செலவுக்கே போய்விடும். ஓரளவு நல்ல சுமை கொடுத்தால் அதே செலவு சிறு பங்காகிவிடும். அதனால் பெடலை பாதிக்கு மேல், முக்கால் வரைகூட மிதித்து, 2000-ஐ நெருங்கியதும் கியரை மாற்றி, வேண்டிய வேகத்துக்குச் சீக்கிரம் போய்விடுங்கள். போனதும் பாதத்தைத் தளர்த்திவிடுங்கள்.

தரையோடு மிதிப்பது வேறு விஷயம். அதில் டீசல் தேவைக்கு மேல் பாயும், புகையும் கரியும் கூடும். முன்னால் 50 மீட்டரில் சிவப்பு விளக்கு தெரியும்போது விறுவிறுவென வேகம் எடுப்பதும் வீண். எடுத்த வேகம் முழுவதும் பிரேக்கில் கரைந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் மேல் கியரிலேயே வைத்திருக்கலாமா?

கூடாது. என் முதல் டீசல் காரில் இந்தத் தவறை இரண்டு வருடம் செய்தேன். மணிக்கு 45 கிலோமீட்டரில் ஐந்தாவது கியர். முள் 1000-ஐ ஒட்டி நிற்கும். டாஷ்போர்டுக்குள் ஒரு அடங்கிய உறுமல் கேட்கும். கியர் லிவரில் கை வைத்தால் உள்ளங்கையில் நடுக்கம் தெரியும். மீட்டரில் மைலேஜ் எண் நன்றாக இருந்ததால் அதைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் ஃப்ளைவீல் (இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனத்த சக்கரம்) போனது, கிளட்சோடு சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் மிச்சம் பிடித்த டீசல் அந்த ஒரு பில்லுக்குக் காணவில்லை.

பல டீசல் கார்களில் ஃப்ளைவீல் இரட்டைத் தட்டு அமைப்பு. இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங்குகள் இருந்து இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. குறைந்த ஆர்.பி.எம்.-இல் அழுத்தி மிதித்தால் அந்த ஸ்பிரிங்குகள்தான் அடி வாங்கும். 1300-க்குக் கீழே முள் இருக்கும்போது பெடலை அழுத்தும் தேவை வந்தால், ஒரு கியர் இறக்குங்கள். உறுமல் கேட்டாலும் இறக்குங்கள். முள்ளைவிடக் காது நம்பகமானது.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டு விட்டால் டீசல் மிச்சமாகுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் ஆபத்தானதும் இதுதான்.

கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். டீசல் ஒரு சொட்டும் போகாது. உங்கள் காரில் உடனடி மைலேஜ் காட்டும் திரை இருந்தால் நீண்ட இறக்கம் ஒன்றில் பாருங்கள். பாதத்தை எடுத்த ஒன்றிரண்டு வினாடியில் எண் மடமடவென ஏறி, திரையால் காட்ட முடிந்த கடைசி எண்ணில் போய் நிற்கும். அப்போது நியூட்ரலுக்குத் தள்ளினால் எண் கீழே விழும். காரணம், இப்போது இன்ஜின் அணையாமலிருக்கத் தானே டீசல் குடித்தாக வேண்டும். சூடான, சிறிய டீசல் இன்ஜினுக்கே ஐட்லிங்கில் (வண்டியை இழுக்காமல் சும்மா ஓடும்போது) மணிக்கு அரை லிட்டர் அளவுக்குச் செலவாகும்.

எனவே, பிரேக் தேவைப்படும் அளவுக்கு இறக்கம் இருந்தால் கியரில் விடுவதுதான் மிச்சம். மிக லேசான சரிவில் மட்டும் நியூட்ரலில் கார் இன்னும் கொஞ்ச தூரம் உருளும் என்பது உண்மை. அந்தச் சிறு ஆதாயத்துக்காக வண்டியின் பிடியை விட்டுக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே மேல் கியரில் பாதத்தை மெல்ல வைத்திருந்தாலே போதும்.

மலைப்பாதையில் நியூட்ரல் போட்டால் வண்டியின் முழு எடையும் பிரேக்கின் தலையில் விழும். தொடர்ந்து சூடேறினால் பிரேக் பிடிக்கும் தன்மையையே இழக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். டீசல் காரில் பிரேக்குக்குத் துணையான வெற்றிடத்தைப் பெரும்பாலும் இன்ஜினோடு சுற்றும் ஒரு பம்ப்தான் உண்டாக்குகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகும். தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள்.

நகர நெரிசலில் மைலேஜை எப்படிக் காப்பாற்றுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1400 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 0.19 மெகாஜூல். டீசலின் ஆற்றலில் 30 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தைச் சேர்க்க 18 மில்லி டீசல் எரிந்திருக்கிறது. பிரேக்கை மிதித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமான டீசலைச் சாலையில் ஊற்றுகிறீர்கள். 25 முறை நின்று கிளம்பினால் 450 மில்லி, கிட்டத்தட்ட அரை லிட்டர். வேகம் 100 ஆக இருந்தால் ஒரே நிறுத்தத்துக்கு 50 மில்லி.

அதனால் டீசலை மிச்சம் பிடிக்கும் உறுப்பு கால் அல்ல, கண். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை மட்டும் பார்த்து ஓட்டாமல், அதற்கு முன்னால் உள்ள நான்கைந்து வண்டிகளைப் பாருங்கள். 300 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பாக இருக்கிறதா? இப்போதே பாதத்தை எடுத்துவிடுங்கள். கியரிலேயே வண்டி உருண்டு வரட்டும். அந்த 300 மீட்டருக்குச் செலவு பூஜ்யம். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் விளக்கு பச்சையாகிவிட்டால், 25 கிலோமீட்டர் வேகம் கையில் இருக்கும்போதே இரண்டாவது கியரில் கிளம்பிவிடலாம். முழுவதும் நின்று கிளம்புவதோடு ஒப்பிட்டால் இது பெரிய மிச்சம். இதற்கு முன்வண்டியோடு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் யாராவது நுழையத்தான் செய்வார்கள். நுழையட்டும், மறுபடி இடைவெளி விடுங்கள்.

சிக்னலில் இன்ஜினை அணைக்கலாமா?

அரை நிமிடத்துக்கு மேல் நிற்பது உறுதி என்றால் அணைக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கவேண்டும். அதிவேக ஓட்டம் முடிந்து உடனே நின்றிருந்தால் டர்போ தணிய அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியோடு வந்த காரில் அதற்கேற்ற பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இருக்கும். அந்த வசதி இல்லாத காரில் நிமிடத்துக்கொரு முறை அணைத்து எழுப்பாதீர்கள்.

நெடுஞ்சாலையில் எந்த வேகம் நல்லது?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-இலிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றுத்தடை இரண்டே கால் மடங்கு. பெரும்பாலான கார்கள் மேல் கியரில், முள் 1500-ஐத் தாண்டிய வேகத்தில், ஏறத்தாழ 70 முதல் 90-க்குள் தங்கள் சிறந்த மைலேஜைத் தருகின்றன.

100 கிலோமீட்டர் பயணத்தை 90-இல் போனால் 67 நிமிடம். 110-இல் போனால் 55 நிமிடம். மிச்சமான 12 நிமிடத்துக்காகக் காற்றுத்தடையை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்குகிறீர்கள். அந்த 12 நிமிடம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும்.

சமமான சாலையில், வைத்த வேகத்தைத் தானாகக் காக்கும் குரூஸ் கன்ட்ரோல் நன்றாகவே உதவும். மேடும் பள்ளமுமான சாலையில் அது வேண்டாம். மேட்டில் வேகம் குறையக்கூடாதென்று டீசலைக் கொட்டும்; மேட்டின் உச்சியில் பாதத்தைத் தளர்த்தி இறக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அறிவு சாதாரணக் குரூஸுக்குக் கிடையாது.

கூரையில் கேரியர் இருந்தால், பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். வெறும் கம்பிகள்கூடக் காற்றைப் பிடித்து இழுக்கும்.

ஏசி போடுவதா, ஜன்னலைத் திறப்பதா?

நகர வேகத்தில் ஜன்னல், நெடுஞ்சாலை வேகத்தில் ஏசி. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது முதல் ஓரிரு நிமிடம் ஜன்னலைத் திறந்து வெப்பத்தை விரட்டிவிட்டு ஏசி போட்டால் கம்ப்ரசருக்கு வேலை குறையும். வியர்த்து வழிய எரிச்சலோடு ஓட்டுபவர் நிதானமாக ஓட்டமாட்டார். அதனால் தேவைப்பட்டால் யோசிக்காமல் போடுங்கள்.

டயர் காற்றழுத்தம் அவ்வளவு முக்கியமா?

நான்கு டயரிலும் 1 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். சின்ன எண்தான். ஆனால் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டு 8, 10 பி.எஸ்.ஐ. இறங்கிய டயர்களோடு ஓடும் கார்கள் ஏராளம். மைலேஜோடு டயரின் ஓரங்களும் தேயும், பக்கச் சுவரும் சூடாகும். கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்துபோயிருக்கும்.

காலையில் இன்ஜினை ஐந்து நிமிடம் சூடாக்கவேண்டுமா?

வேண்டாம். டீசல் இன்ஜின் வெப்பத்தை அதிகம் வீணாக்காததால் நின்ற இடத்தில் சூடேறவே வெகு நேரமாகும். குளோ பிளக் (சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் பாகம்) விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, சீட் பெல்ட் போட்டு, அரை நிமிடத்தில் கிளம்புங்கள். முதல் சில கிலோமீட்டருக்கு 2000-ஐத் தாண்டாமல் மென்மையாக ஓட்டுங்கள். நெடுநேரம் ஓடியும் வெப்பமானி முள் நடுவுக்கு வரவில்லையென்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த இன்ஜின் கூடுதலாக டீசல் குடிக்கும். சின்னப் பாகம்தான், உடனே மாற்றிவிடுங்கள்.

சில நாள் மட்டும் மைலேஜ் திடீரென்று குறைகிறதே, ஏன்?

புதிய தலைமுறை டீசல் கார் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டியை. புகையில் உள்ள கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நிரம்பியதும் எரித்துக் காலி செய்யவேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் புகை அவ்வளவு சூடாகாது. அதனால் கணினி கூடுதலாக, தாமதமாக டீசலைப் பீய்ச்சிச் சூட்டை ஏற்றுகிறது. அந்த டீசல் வண்டியை நகர்த்துவதற்கல்ல, வடிகட்டியைச் சுத்தம் செய்வதற்கு.

இதை நேரில் அடையாளம் காணலாம். ஐட்லிங் வழக்கத்தைவிட கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. வீட்டுக்கு வந்து அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். இறங்கினால் சூடேறிய இரும்பு வாடை அடிக்கும். அப்படியென்றால் பாதி வேலையில் நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். ஒருமுறை இரண்டுமுறை பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றால், அடுத்த ஓட்டத்தில் மறுபடி முதலிலிருந்து டீசல் செலவு. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடினால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வழி எளிது. இந்த அறிகுறிகள் தெரிந்தாலோ எச்சரிக்கை விளக்கு வந்தாலோ, தடையில்லாத சாலையில் 15, 20 நிமிடம் 60-க்கு மேல் ஒரே வேகத்தில், ஒரு கியர் குறைத்து 2000-க்கு மேல் வைத்து ஓட்டுங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மைலேஜைப் பார்க்கவேண்டாம். முடிந்ததும் காய்ந்த புல் மீது வண்டியை நிறுத்தாதீர்கள்.

பராமரிப்பில் எதைக் கவனித்தால் மைலேஜ் கூடும்?

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கையேட்டில் சொன்ன தரத்தில் ஆயில். டி.பி.எஃப். உள்ள காருக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்றவேண்டும். வேறு ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரைச் சர்வீஸில் மறக்காமல் இறக்கச் சொல்லுங்கள்.

பலர் தவறவிடுவது பிரேக். பிரேக்கை அதிகம் மிதிக்காத ஓட்டத்துக்குப் பிறகு இறங்கி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் உரசுகிறது. மைலேஜை ஓசையில்லாமல் தின்னும் குறை இது.

டீசலில் கலக்கும் மருந்து, குழாயில் மாட்டும் காந்தம் பலன் தருமா?

காந்தம் தராது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி 100-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்திருக்கிறது; மிகச் சிலவற்றில் மட்டுமே ஏதோ சிறு பலன் தெரிந்தது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலப்பது இன்னும் மோசம். காமன் ரெயில் பம்ப் 2000 பார் அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறது. அதன் உராய்வைத் தணிப்பது அதன் வழியே ஓடும் டீசலின் வழவழப்புதான். அது போனால் பம்பின் உலோகமே தேய்ந்து, துகள்கள் இன்ஜெக்டர் வரை போகும்.

டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பாவிட்டால் எடை குறைந்து மைலேஜ் கூடுமா?

20 லிட்டர் டீசலின் எடை சுமார் 17 கிலோ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். டேங்க் வறண்டு காற்று உறிஞ்சினால் வரும் தொல்லை அதைவிடப் பெரிது. எடையைக் குறைக்க ஆசையிருந்தால் டிக்கியைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் இறக்காத சாமான் 30 கிலோவாவது இருக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர் காரில் என்ன செய்வது?

கண்ணால் செய்யும் வேலை அப்படியே பொருந்தும். வேகம் எட்டியதும் பாதத்தை ஒரு நொடி தளர்த்தினால் கியர் பெட்டி சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். நீண்ட இறக்கத்தில் மேனுவல் முறைக்கு மாற்றி ஒரு கியர் இறக்குங்கள்.

உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

டேங்க் நிரம்பிக் குழாய் தானாக முதல் முறை நிற்கும் வரை போடுங்கள். டீசல் நுரைக்கும் என்பதால் மெதுவாகப் போடச் சொல்லுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 400, 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே டீசல் பங்க்கில் அதே குழாயில் அதே மாதிரி நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். திரையில் வரும் எண் பெரும்பாலும் இதைவிடத் தாராளமாக இருக்கும். ஒரே ஒரு முறை போட்ட கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று நான்கு நிரப்பலின் சராசரியை நோட்டில் எழுதி வைத்தால், பழக்கத்தை மாற்றியதும் என்ன மாறுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

என் ஓட்டம் தினமும் நகருக்குள் நான்கைந்து கிலோமீட்டர்தான். டீசல் எனக்குச் சரிப்படுமா?

சரிப்படாது. இன்ஜின் சூடேறுவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். கரி வடிகட்டிக்கு ஒருநாளும் முழு எரிப்பு கிடைக்காது. அடுத்த கார் வாங்கும்போது பெட்ரோல், ஹைபிரிட், மின்சாரம் என்று பாருங்கள். கையில் இருப்பது டீசல்தான் என்றால், சின்னச் சின்ன வேலைகளை ஒரே ஓட்டத்தில் சேர்த்து முடியுங்கள். அத்தோடு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் திறந்த சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள்.